ஏர்ஃப்ளோ சென்சார் மாற்றியும் கார் ஐடிலில் குலுங்குகிறதா? அடுத்த பாகத்தை வாங்கும் முன் இந்த எண்களைப் பாருங்கள்

செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேன் செய்து பார்த்து, ஏர்ஃப்ளோ சென்சார் போய்விட்டது என்றார்கள். பணம் கொடுத்துப் புதிதாக மாற்றியும் ஆகிவிட்டது. ஆனால் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது கார் இன்னும் குலுங்குகிறது. ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. புகைக்குழாய் பக்கம் போனால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. சில கார்களில் அணைந்த விளக்கு இரண்டே நாளில் மறுபடியும் எரிகிறது.

இந்தக் கட்டத்தில் பல வாகனமோட்டிகளுக்குக் கிடைக்கும் பதில், "அப்போ ஆக்சிஜன் சென்சாரையும் மாத்திப் பார்ப்போம்" என்பதுதான். அதற்கும் சரியாகவில்லை என்றால் த்ரோட்டில் பாடி, அப்புறம் பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்குப் பெயர் பரிசோதனை அல்ல, ஊகம். ஊகத்துக்கான பில் உங்கள் பெயரில்தான் வரும்.

உண்மையில், புதிய சென்சார் போட்ட பிறகு ஐடிலில் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலக்கிறதா என்பதைக் காரே எண்களாகச் சொல்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் ஒரு சாதாரண ஸ்கேனரைச் செருகினால் போதும். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் இஎல்எம்327 வகை புளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் இதற்குப் போதும். எதைப் பார்ப்பது, எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் விஷயம்.

முதலில், உங்கள் காரில் இது இருக்கிறதா?

எல்லாக் கார்களிலும் ஏர்ஃப்ளோ சென்சார் கிடையாது. நம் சாலைகளில் அதிகம் ஓடும் டொயோட்டா வியோஸ், நிசான் கிராண்ட் லிவினா போன்றவற்றில் உண்டு. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் காற்றுக் குழாயில் செருகியிருக்கும் சிறிய பாகம் அது. முதல் தலைமுறை பெரோடுவா மைவி, கேம்ப்ரோ எஞ்சின் கொண்ட புரோட்டோன் சாகா போன்றவை வேறு முறையைப் பின்பற்றுகின்றன. அவற்றில் மேப் சென்சார் எனப்படும் அழுத்த அளவி, எஞ்சினுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும். அந்தக் கார்களில் காற்றுக் கசிவு வேறு மாதிரி தெரியும்: கலவை கெடுவதைவிட ஐடில் வேகம் உயர்ந்துவிடுவதுதான் வழக்கம். ஆகவே கீழே வரும் விளக்கம் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கு மட்டுமே.

இந்தச் சென்சாருக்குள் மிக மெல்லிய கம்பி ஒன்று சூடாக்கப்பட்டு இருக்கும். உள்ளே போகும் காற்று அதைக் குளிர வைக்கும். கம்பியின் சூட்டை அதே அளவில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து எத்தனை கிராம் காற்று போகிறது என்று தெரிந்துவிடும். எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ, அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை அளந்து விடும். 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்பது அடிப்படைக் கணக்கு. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சரிபார்த்துச் சொல்லும். பெட்ரோல் குறைந்தால் ஈசியூ கூட்டும், அதிகமானால் குறைக்கும்.

இப்படிக் கூட்டிக் குறைக்கும் அளவுக்குத்தான் ஃபியூவல் டிரிம் என்று பெயர். ஸ்கேனரில் இது சதவீதத்தில் வரும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள். டிரிம் கூட்டல் குறியில் இருந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ சேர்த்துக்கொண்டிருக்கிறது. கழித்தல் குறியில் இருந்தால், பெட்ரோல் அதிகம் என்று குறைத்துக்கொண்டிருக்கிறது. போமேன்கள் முதலாவதை லீன் என்றும் இரண்டாவதை ரிச் என்றும் சொல்வார்கள். பூஜ்யத்துக்கு 5 விழுக்காடு இப்படி அப்படி இருந்தால் நல்ல எஞ்சின். 10 வரை கவலை இல்லை. 20ஐத் தாண்டிப் போகும்போதுதான் பி0171, பி0172 போன்ற குறியீடுகளோடு செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கும்.

பழைய சென்சார் போனாலும் பழைய கணக்கு போகவில்லை

டிரிம் இரண்டு வகை. ஷார்ட் டெர்ம் டிரிம் நொடிக்கு நொடி மாறும். லாங் டெர்ம் டிரிம் பல நாள் ஓட்டத்தில் கற்றுக்கொண்டதை ஈசியூ நினைவில் வைத்திருப்பது. புதிய சென்சார் மாற்றிய பின் வரும் பிரச்சினைகளில் கணிசமானவை இந்த நினைவிலிருந்துதான் கிளம்புகின்றன. பாகம் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப்படும் சென்சார்களில் சில, நல்ல சென்சார்களாகவே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பழைய சென்சார் அழுக்குப் பிடித்து, உண்மையான காற்றைவிட 15 விழுக்காடு குறைவாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சரிக்கட்ட ஈசியூ ஏறக்குறைய 18 விழுக்காடு கூடுதல் பெட்ரோலை விடப் பழகிவிட்டது. இப்போது சரியாக அளக்கும் புதிய சென்சார் வந்துவிட்டது. ஆனால் ஈசியூவுக்கு அது தெரியாது. பழைய பழக்கத்தில் அதே 18 விழுக்காட்டைச் சேர்க்கும். விளைவு, கலவை ரிச். பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, கனத்த ஐடில். ஸ்கேனரில் லாங் டெர்ம் +18, ஷார்ட் டெர்ம் -15 என்று இரண்டும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு நிற்கும்.

காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது இது இன்னும் மோசமாகத் தெரியும். ஆக்சிஜன் சென்சார் சூடாகும் வரை ஷார்ட் டெர்ம் திருத்தம் நடக்காது. பழைய நினைவு மட்டும் வேலை செய்யும். ஆகவே, "காலையில் மட்டும் குலுங்குது, அப்புறம் சரியாயிடுது" என்றால் பெரும்பாலும் புதிய சென்சாரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

தீர்வு எளிது. சென்சார் மாற்றியதும் ஸ்கேனர் மூலம் குறியீடுகளையும் டிரிம் நினைவையும் அழிக்க வேண்டும். அழிக்கும் முன் திரையில் இருப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். கோளாறு வந்த நேரத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். அது போனால் திரும்பக் கிடைக்காது. ஸ்கேனர் இல்லாதபோது பேட்டரியைக் கழற்றி வைப்பதும் உண்டு. ஆனால் எலக்ட்ரானிக் த்ரோட்டில் உள்ள கார்களில் ஐடிலுக்குக் கற்றுக்கொண்ட நிலையும் அதோடு மறந்து போகலாம். த்ரோட்டிலில் கரி படிந்திருந்தால் கார் சில நாள் ஐடிலில் தடுமாறும், அணைந்தும் போகும். நிசான் கார்கள் பலவற்றில் ஐடிலைத் திரும்பக் கற்றுக்கொடுக்கத் தனி நடைமுறையே இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு அடுத்த பாகத்தைத் தேடுவது வீண் செலவு.

அழித்த பிறகு சாலை நெரிசல், நெடுஞ்சாலை இரண்டும் கலந்து 20 அல்லது 30 நிமிடம் ஓட்டுங்கள். அதற்கப்புறம்தான் எண்களைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டும்.

ஐடிலில் ஒன்று, 2,500 ஆர்பிஎம்மில் ஒன்று

எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்நீரின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்க வேண்டும். ஏர்கானை அணைத்துவிடுங்கள். நம் வெயிலில் இது கஷ்டமான வேலைதான், ஆனால் கம்ப்ரெஸர் ஓடினால் எண்கள் மாறிவிடும். திறந்த வெளியில் நிறுத்திச் செய்யுங்கள். வீட்டின் மூடிய கார் நிறுத்துமிடத்தில் வேண்டவே வேண்டாம். ரிச்சாக ஓடும் எஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாகக் கார்பன் மோனாக்சைடை வெளியிடும், அதற்கு வாடை கிடையாது.

முதலில் சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சென்சாரின் அளவைப் பாருங்கள். காற்று ஓடவில்லை, எனவே பூஜ்யத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பிறகு ஐடிலில் பாருங்கள். எஞ்சின் கொள்ளளவு ஒரு லிட்டருக்கு நொடிக்குச் சுமார் 1 கிராம் காற்று என்பது பட்டறைகளில் பழக்கத்தில் உள்ள தோராயக் கணக்கு. 1.5 லிட்டர் எஞ்சின் என்றால் 1.5 முதல் 2.5 கிராம் வரை வரலாம். 4, 5 என்று காட்டினால், அல்லது 1க்கும் கீழே இறங்கினால், சென்சார் மேல் சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

இனி டிரிம். லாங் டெர்ம், ஷார்ட் டெர்ம் இரண்டையும் கூட்டி வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து, மறுபடியும் அதே கூட்டலைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பாதி நோய் தெரிந்துவிடுகிறது.

ஐடிலில் +20, 2,500இல் +5 என்று வருகிறதா? காற்றுக் கசிவு. சென்சாரைத் தாண்டி எங்கோ ஓர் ஓட்டை வழியாக, அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஏன் ஐடிலில் மட்டும் பெரிதாகத் தெரிகிறது? ஐடிலில் சென்சார் அளப்பது நொடிக்கு 2 கிராம் காற்று. கசிவு 0.4 கிராம் என்றால் அது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 விழுக்காடு. 2,500 ஆர்பிஎம்மில் அளக்கப்படும் காற்று 8 கிராமாக உயரும், ஓட்டை அதே ஓட்டைதான். அப்போது அந்த 0.4 வெறும் 5 விழுக்காடு.

சென்சாரை மாற்றிய கையோடு இந்தக் கசிவு வந்திருந்தால், வேலை நடந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காற்றுக் குழாயின் கிளாம்ப் இறுக்கப்படவில்லையா, சென்சாரின் அடியில் உள்ள ரப்பர் வளையம் நசுங்கிவிட்டதா அல்லது பழைய சென்சாரோடு போய்விட்டதா, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மலேசிய வெப்பத்தில் பத்து வருடம் வெந்த ரப்பர் குழாய், கழற்றி மாட்டும்போது மடிப்புகளுக்கு நடுவே கீறிக்கொள்ளும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது, கையால் வளைத்துப் பார்த்தால் வாய் பிளக்கும். எஞ்சினிலிருந்து எண்ணெய் ஆவியை எடுத்துச்செல்லும் பிசிவி குழாயும் அதே வயதுதான். கசிவைக் கண்டுபிடிக்க எஞ்சின் மேல் பிரேக் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும் வேலை. புகை செலுத்திச் சோதிக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து, வேகம் கூடக் கூட டிரிமும் +10, +15, +20 என்று ஏறினால் கசிவைத் தேட வேண்டாம். ஒன்று, சென்சார் காற்றைக் குறைத்துச் சொல்கிறது; அல்லது பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வரவில்லை. பம்ப் தளர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். பெட்ரோல் அழுத்தத்தை மானியில் அளந்து பார்த்துவிட்டால் இரண்டில் எது என்று பிரித்துவிடலாம். அளந்து பார்க்காமலேயே பம்ப் வாங்கச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

ஐடிலில் டிரிம் கழித்தலில் இருந்தால் கதை வேறு. -15, -20 என்றால் எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் வருகிறது, அல்லது சென்சார் காற்றைக் கூட்டிச் சொல்கிறது. அதிகம் கவனிக்கப்படாத குற்றவாளி பர்ஜ் வால்வு. பெட்ரோல் தொட்டியின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் அந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் ஐடிலில் ஆவி நுழைந்துகொண்டே இருக்கும். எண்ணெய் நிரப்பிய உடனே கார் ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா? இதைச் சந்தேகப்படலாம். அந்த வால்வின் குழாயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் டிரிம் பூஜ்யத்தை நோக்கி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விடை கிடைத்துவிட்டது. இல்லையென்றால் சொட்டும் இன்ஜெக்டர், அதிகமான பெட்ரோல் அழுத்தம் ஆகியவை அடுத்து வரும்.

ரிச்சாக ஓடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதன் உட்புறம் உருகினால் செலவு சென்சாரைப் போல் பல மடங்கு. லீன் கோளாறு காரை ஓடவிடாமல் தொந்தரவு செய்யும். ரிச் கோளாறு காரை ஓட விட்டே காசைக் கரைக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனை மட்டுமே பார்க்கிறது. ஒரு சிலிண்டரில் பிளக்கோ காயிலோ வேலை செய்யாமல் மிஸ்ஃபயர் ஆனால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். இரண்டிலும் கலவை லீன் என்று ஈசியூ தப்பாக நினைத்துப் பெட்ரோலைச் சேர்க்கும். டிரிம் கூட்டலில் இருந்தும் பெட்ரோல் வாடை அடித்தால் இந்த வழியில் தேடுங்கள்.

சென்சாரே சரியில்லை என்றால்?

நடக்கக்கூடியதுதான். ஏர்ஃப்ளோ சென்சார் வெறும் சுவிட்ச் அல்ல, அளவுமானி. வெளித்தோற்றமும் பிளக்கும் அச்சாகப் பொருந்தினாலும், உள்ளே அளவு சரிபார்க்கப்படாத போலிகள் சந்தையில் உண்டு. பிரபல நிறுவனப் பெயரும் பெட்டியும் மட்டும் ஆதாரமாகாது. நினைவை அழித்து, கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகும் ஐடிலிலும் 2,500இலும் டிரிம் ஒரே பக்கமாக விலகி நின்றால், சென்சாரின் அளவே தவறு என்று எடுத்துக்கொள்ளலாம். பாகத்தின் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே மாடலிலேயே வேறு ஆண்டு, வேறு எஞ்சினுக்கு வேறு சென்சார் வரும். அதனால்தான் ஹாஃப் கட் கடையில் வாங்கிய அசல் சென்சார்கூட, தவறான எண்ணாக இருந்தால் புதிய போலியைப் போலவே தொல்லை கொடுக்கும்.

பழைய சென்சாரைக் குப்பையில் போடாதீர்கள். ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்து, முழுக்கக் காய்ந்த பின் மாட்டி, அதே எண்களை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் கூடாது; கம்பியை விரலாலோ பஞ்சாலோ தொடவும் கூடாது. பழையது பழுதே இல்லை, அழுக்கு மட்டும்தான் என்று தெரியவரும் சந்தர்ப்பங்கள் உண்டு. எண்ணெய் பூசிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய்யே கம்பியில் படியக்கூடும், அப்படியானால் புதியதற்கும் அதே கதிதான்.

ரோன் 97 ஊற்றினால் சரியாகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆகாது. ரோன் எண், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக எரிந்துவிடாமல் தாங்கும் திறனைக் குறிக்கிறது. காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்கின்றன என்பதை அது மாற்றாது.

ஸ்க்ரூவைத் திருப்பி ஐடில் கலவையைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், அது போஷ் எல்-ஜெட்ரோனிக் காலத்துக் கார்களுக்குப் பொருந்தும். காற்றின் விசையில் ஒரு தகடு அசைந்து அளவு காட்டும் பழைய மீட்டர்களில் அப்படி ஒரு திருகு உண்டு. அதையும் புகை அளவியை வைத்துத்தான் திருப்ப வேண்டும். இன்றைய வியோஸிலோ லிவினாவிலோ திருப்ப எதுவும் இல்லை.

பட்டறைக்குப் போகும்போது நீங்கள் எடுத்த நான்கு எண்களையும் காட்டுங்கள்: எஞ்சின் ஓடாதபோதும் ஐடிலிலும் சென்சார் காட்டிய அளவு, ஐடில் டிரிம், 2,500 டிரிம். நல்ல போமேன் அதைப் பார்த்ததும் பேச்சைச் சுருக்கிவிடுவார். எண்களைப் பார்க்கவே மறுப்பவரிடம் காரை விடுவதா என்பது உங்கள் முடிவு.

மின்னணுப் பாகங்களை ஒருமுறை மாட்டிவிட்டால் திரும்ப வாங்க மாட்டோம் என்று பல ஸ்பேர் பார்ட் கடைகள் சொல்லும். ஆகவே உத்தரவாதம் எத்தனை நாள், தவறாக அளந்தால் மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். பாக எண்ணைப் பில்லில் எழுதி வாங்கி, பெட்டியையும் வைத்திருங்கள். அசல் என்று சொல்லி விற்றது போலி என்று தெரிந்து, கடையும் கைவிரித்துவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். அங்கே பில்லோடு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனர் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.